நுளம்புக்குப் ‘போதும்’ என்று யார் சொல்வது?

1969இல் ரொபர்ட் குவாட்ஸ் என்ற பூச்சியியலாளர் பெண் நுளம்பின் அடிவயிற்றுப் பக்கமாக ஓடும் நரம்புநாணை அறுத்துவிட்டு, அதைக் குருதி குடிக்க விட்டார். சாதாரணமாக, டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தன் உடல் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான அளவு குருதியைக் குடித்ததும் வாயை இழுத்துக்கொண்டு பறந்துவிடும். நரம்பு அறுபட்டவை நிறுத்தவில்லை. வழமையான அளவைப் பல மடங்கு தாண்டி, சில வெடித்துப்போகும் வரைக்கும் குடித்துக்கொண்டே இருந்தன.

இதற்குப் பத்தாண்டுக்கு முன்னரே வின்சென்ட் டெதியேயும் டீட்ரிக் போடன்ஸ்டைனும் இறைச்சியில் மொய்க்கும் ஓர் இலையான் இனத்தில் இதே போன்ற ஒன்றைக் கண்டிருந்தார்கள். முன்குடலிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்பு ஒன்றை அறுத்தால் அதுவும் தின்பதை நிறுத்தத் தெரியாமல் ஊதிப்போகும். நாவிலோ மூக்கிலோ குறையில்லை, பசியும் பழைய பசிதான். வயிறு நிறைந்த சேதி மேலே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இது ஆய்வுகூட வேடிக்கை மட்டும் இல்லை. 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கும் மேற்பட்டவர்கள் டெங்கு என்று பதிவானார்கள், 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வழக்கம்போல் கொழும்பு மாவட்டம்தான் எண்ணிக்கையில் முன்னால் நின்றது. அதன் பிறகு ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழைக்கும் அதே காட்சிகள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பூச்சாடித் தட்டையும் கூரைப் பீலியையும் பார்ப்பார், ஒழுங்கைக்குள் புகை அடிப்பார்கள், பாடசாலையில் சிரமதானம் நடக்கும். இவை எல்லாம் நுளம்பு எங்கே பிறக்கிறது என்பதைப் பற்றிய வேலைகள். பிறந்த நுளம்பு எப்போது கடிக்கும், எத்தனை பேரைக் கடிக்கும், எப்போது சும்மா சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும் என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு அதன் குடலுக்கு இருக்கிறது.

பாடசாலையில் கரப்பானின் உணவுக்கால்வாய்ப் படத்தைக் கீறியவர்களுக்கு முன்குடல், நடுக்குடல், பின்குடல் என்ற மூன்று பகுதிகளும் நினைவிருக்கும். முன்குடலில் கண்டப்பை என்ற சேமிப்புப் பை. நடுக்குடலில் செரிமானமும் உறிஞ்சலும். பின்குடலில் நீரை மீட்டெடுப்பது. நடுக்குடலும் பின்குடலும் சேரும் இடத்தில் நூல் நூலாகத் தொங்கும் மல்பீஜியன் குழாய்கள்தான் பூச்சியின் சிறுநீரகம். இவ்வளவும் சரி. ஆனால் அந்தப் படத்தில் குடல் ஒரு குழாயாகத்தான் தெரியும். அதன் சுவரில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது.

நடுக்குடல் சுவரில் பெரும்பான்மை, நொதியங்களைச் சுரந்து உணவை உறிஞ்சும் கலங்கள். தேய்ந்துபோனவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றை உண்டாக்கும் தாய்க்கலங்கள் அடியில் இருக்கும். இவற்றுக்கு இடையிடையே சிதறலாக இன்னொரு வகை. பழ ஈயில் பத்து இருபது கலங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். இவைதான் குடல் ஓமோன் கலங்கள். பலவற்றின் ஒரு முனை குடலின் உட்பக்கத்தை எட்டி நிற்கும், அங்கே வந்திருப்பது சீனியா, புரதமா, கெட்ட பக்டீரியாவா என்று உணரும். மறுமுனை வெளிப்பக்கம், பூச்சியின் குருதியை நோக்கி இருக்கும். உள்ளே உணர்ந்ததற்கு ஏற்ப அந்தப் பக்கமாகச் சிறு பெப்டைட் மூலக்கூறுகளை விடும். பூச்சிக்கு எங்களைப் போல மூடிய குருதிக்குழாய்த் தொகுதி கிடையாது. உறுப்புகள் எல்லாம் குருதியில் நனைந்தபடியே இருப்பதால், குடல் விட்ட பெப்டைட் மூளைக்கும் சூலகத்துக்கும் கொழுப்புத் திசுவுக்கும் நேராகவே போய்ச் சேரலாம்.

பெப்டைட் என்பது அமினோ அமிலங்கள் சில கோத்த சிறு சங்கிலி. ஐந்து இருந்தாலும் பெப்டைட், நாற்பது இருந்தாலும் பெப்டைட். அதை ஏற்றுக்கொள்ளும் வாங்கி எந்தக் கலத்தின் மேற்பரப்பில் இருக்கிறதோ அந்தக் கலத்துக்கு மட்டும்தான் சேதி கேட்கும். ஒரே பெப்டைட்டை மூளையின் நரம்புக்கலமும் சுரக்கும், குடலும் சுரக்கும். இதுதான் ஆரம்பத்தில் ஆய்வாளர்களை நிறையக் குழப்பியது. மூளையில் கண்டுபிடித்து நரம்பின் பொருள் என்று பெயர் வைப்பார்கள், பிறகு பார்த்தால் குடலில் அதைவிட அதிகமாக இருக்கும்.

ஓமோன் என்ற கருத்தே குடலிலிருந்து வந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லவேண்டும். 1902இல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் சிறுகுடலில் இருந்து குருதி வழியாகப் போய்ச் சதையியைச் சுரக்கச்செய்யும் ஒரு பொருளைக் கண்டார்கள். அதற்கு செக்ரீட்டின் என்று பெயர். 1905இல் ஸ்டார்லிங் இந்த வகைப் பொருட்களுக்கு ஓமோன் என்ற பெயரைப் பயன்படுத்தினார். பூச்சிகளின் பக்கம், 1922இல் போலந்து நாட்டு ஸ்டெபான் கோபெச், அந்துப்பூச்சியின் புழுவில் மூளையே ஓமோன் விடும் உறுப்பாக வேலை செய்கிறது என்று காட்டினார். அதன்பிறகு பூச்சி ஓமோன் என்றால் தோலுரித்தலும் உருமாற்றமும் என்று ஆகிவிட்டது. குடல் பின்னால் தள்ளப்பட்டுவிட்டது.

அதைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவந்தது கரப்பான். எங்கள் குசினிகளில் இரவு வெளிச்சம் போட்டதும் சிதறி ஓடுகிற அதே பெரிய அமெரிக்கக் கரப்பான்தான். 1967இல் பிரவுன் என்ற ஆய்வாளர் அதன் பின்குடலைச் சுருங்கவைக்கும் ஏதோ ஒரு பொருள் இருப்பதாக அறிவித்தார். அது என்னவென்று பிரித்தெடுக்க அவருக்கும் அவரோடு கனடாவில் வேலை செய்த ஸ்டாரட்டுக்கும் 1975 வரை ஆனது. அதற்குத் தேவைப்பட்ட கரப்பான்கள் 125,000. எடையில் 125 கிலோ. கிடைத்த பொருள் 180 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. புறக்கோட்டையின் கான் மூடிகளை எல்லாம் திறந்தால் அத்தனை கரப்பான் சேர்க்கலாமோ என்னவோ, ஆனால் அவற்றை அரைத்து வடித்து இந்தத் துளியைத் தேடிய பொறுமை சாதாரணமானது இல்லை. ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பெப்டைட்டுக்கு புரொக்டோலின் என்று பெயர் வைத்தார்கள். வேதியியல் அமைப்பு முழுதாகத் தெரியவந்த முதல் பூச்சி நரம்புப் பெப்டைட் அதுதான்.

அடுத்த பெரிய அலை 1986இல் அமெரிக்காவில். மார்க் ஹோல்மன், ரொனால்ட் நாக்மன் ஆகியோரின் குழு வேறொரு கரப்பான் இனத்தில் இருந்து அடுத்தடுத்துப் பல பெப்டைட்களை எடுத்தது. அவற்றில் கைனின்கள் பின்குடலைச் சுருங்கவைத்தன. பிறகுதான் அவை மல்பீஜியன் குழாய்களைச் சிறுநீர் சுரக்கச்செய்கின்றன என்பதும் தெரிந்தது. மயோசப்ரெசின் என்ற இன்னொன்று நேர் எதிராகக் குடலின் அசைவை அடக்கியது. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது சல்பாகைனின். மனிதக் குடலில் கொழுப்பும் புரதமும் வந்ததும் சுரந்து ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்று உணர்த்தும் கொலிசிஸ்டோகைனின் என்ற ஓமோனோடு அதற்குத் தெளிவான ஒற்றுமை இருந்தது. பின்னர் சல்பாகைனினைப் பாலைவன வெட்டுக்கிளிக்கும் ஜெர்மன் கரப்பானுக்கும் ஊசியால் ஏற்றிப் பார்த்தபோது அவை குறைவாகத் தின்றன. மனிதரின் முன்னோரும் பூச்சிகளின் முன்னோரும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. வயிறு நிறைந்ததைச் சொல்லும் முறை அதற்கும் முன்பே இருந்திருக்கிறது.

குசினிக் கரப்பானின் கண்டப்பையைப் பற்றிய ஒரு பழைய பரிசோதனையும் உண்டு. 1963இல் டேவி, ட்ரெஹெர்ன் என்ற இருவர் அதற்கு வெவ்வேறு செறிவில் சீனிக் கரைசல்களைக் கொடுத்தார்கள். கரைசல் கட்டியாக இருக்க இருக்கக் கண்டப்பை மெதுவாகத்தான் காலியானது. நடுக்குடல் ஒரு நேரத்தில் உறிஞ்சக்கூடிய அளவுக்கு மேல் அனுப்பாமல் வாசலில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். சுண்டிய தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் படிந்த சீனியை நக்கிவிட்டுப் போகும் கரப்பானுக்கு அந்தச் சீனி இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்துக்கொண்டிருக்கும்.

அதே கரப்பான் பல நாள் பட்டினி கிடந்தால் என்ன நடக்கிறது? இதை ஜப்பானில் ஆராய்ந்தார்கள். பட்டினியில் நடுக்குடலில் சிறு நரம்புப்பெப்டைட் எப் என்ற ஒன்று கூடுகிறது. அது கூடினால் மாப்பொருளை உடைக்கும் அமைலேசும் புரதத்தை உடைக்கும் நொதியங்களும் குறைகின்றன, பூச்சியின் அலைச்சல் கூடுகிறது. உணவு கிடைத்ததும் இது இறங்கி, சிசிஏபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்னொரு பெப்டைட் ஏறி, நொதிய உற்பத்தியை மீண்டும் தொடக்கிவைக்கிறது. நொதியம் என்பது புரதம். தின்ன எதுவும் இல்லாத வேளையில் புரதத்தைச் செலவழித்து நொதியம் செய்து வைத்திருப்பது வீண். அதனால் குடல் அடுப்பை அணைத்துவிட்டுக் கால்களை நடக்க அனுப்புகிறது. செரிமானமும் நடத்தையும் இரண்டு வேறு இலாகா இல்லை என்பது இந்த ஒரு பெப்டைட்டிலேயே தெரிகிறது.

சரி, நுளம்புக்கு வருவோம். பெண் நுளம்பு இரண்டு வகையான உணவை இரண்டு இடத்தில் வைக்கிறது. பூந்தேன் போன்ற இனிப்புத் திரவம் கண்டப்பைக்குப் போகும், அது பறப்பதற்கான எரிபொருள். குருதி நேராக நடுக்குடலுக்குப் போகும், அது முட்டைக்கு. ஆண் நுளம்புக்கு இந்த இரண்டாவது தேவை இல்லை, அதனால் அது எங்களைக் கடிப்பதும் இல்லை.

குருதி உள்ளே போனதும் குடல் முதலில் சமாளிக்கவேண்டியது எடையை. தன் எடை அளவுக்குச் சுமை ஏற்றிக்கொண்ட பூச்சி பறக்கத் தடுமாறும், கடிபட்டவரின் கை ஒன்று ஏற்கெனவே ஓங்கியிருக்கும். குருதியில் பெரும்பகுதி நீரும் உப்பும்தான், நுளம்புக்கு வேண்டியது புரதம். ஆகவே குடித்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தால் துளித் துளியாகத் தெளிந்த நீரை வெளியேற்றத் தொடங்கிவிடும். கையில் இருக்கும் நுளம்பைத் தட்டாமல் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். இந்த அவசர வடிகட்டலை நடத்துவது சிறுநீர்பெருக்கிப் பெப்டைட்கள். அவற்றில் ஒன்று எங்கள் உடலில் கல்சியத்தோடு தொடர்புடைய கல்சிட்டோனினைப் போன்றது, இன்னொன்று மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஓமோன் ஒன்றைப் போன்றது, மூன்றாவது முன்னே சொன்ன கைனின். மூன்றும் மல்பீஜியன் குழாய்களைத் தட்டி எழுப்பி உப்பையும் நீரையும் வேகமாக வெளியே தள்ளவைக்கின்றன. தென்னமெரிக்காவில் ஒரே தடவையில் தன் எடையைப் போலப் பத்து மடங்கு வரை குருதி குடிக்கும் ரொட்னியஸ் என்ற மூட்டை இனம் ஒன்று இருக்கிறது. அதில் இந்த வேலையில் செரட்டோனினும் சேர்ந்துகொள்கிறது.

பிறகு செரிமானம். குருதியைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உருவாகும். புரதத்தை வெட்டும் திரிப்சின் இரண்டு தவணையாக வருகிறது. முதலாவது திரிப்சினுக்கான செய்முறைக் குறிப்பு குருதி வருமுன்பே கலத்துக்குள் எழுதித் தயாராக இருக்கும், குருதி வந்ததும் உடனே அதைப் படித்துச் சிறிதளவு செய்யும். வந்திருப்பது உண்மையிலேயே புரதம்தானா என்று ருசி பார்ப்பது போல. புரதம்தான் என்று உறுதியானால் இரண்டாவது திரிப்சின் பெருமளவில் வரும், ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்தை எட்டும். இந்த இரண்டாம் கட்டத்துக்கு மூளையின் அனுமதியும் வேண்டும். குருதி குடித்ததும் மூளையின் சில நரம்புக்கலங்கள் இன்சுலினைப் போன்ற பெப்டைட்களையும் சூலகத்தைத் தூண்டும் ஓர் ஓமோனையும் விடுகின்றன. அவை சூலகத்தை எக்டைசோன் வகை ஓமோனைச் செய்யவைக்க, அந்த ஓமோன் கொழுப்புத் திசுவை முட்டைக் கருவுக்கான புரதத்தைச் செய்யவைக்கிறது. அதே இன்சுலின் பெப்டைட்கள் குடலுக்கும் ‘இன்னும் திரிப்சின் செய்’ என்று சொல்கின்றன. முட்டை வளரும் வேகமும் குருதி செரிக்கும் வேகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போவது இப்படித்தான்.

தொடங்கிவைப்பதற்கு ஆள் இருந்தால் நிறுத்துவதற்கும் ஆள் வேண்டும். அதை 1990இல் புளோரிடாவில் டோவ் பொரோவ்ஸ்கியின் குழு கண்டறிந்தது. முட்டைகள் போதிய அளவு வளர்ந்ததும் சூலகம் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைட்டைக் குருதிக்குள் விடுகிறது. அது நடுக்குடலுக்குப் போய்த் திரிப்சின் உற்பத்தியை நிறுத்துகிறது. அந்தப் பத்தில் கடைசி ஆறும் புரோலின் என்ற ஒரே அமினோ அமிலம். இந்த விசித்திரத்துக்குக் கீழே திரும்பி வரவேண்டியிருக்கும்.

இனி ‘போதும்’ என்பதற்கு. மார்க் குளோடனும் ஆர்டன் லீயும் 1970களின் கடைசியில் செய்த பரிசோதனைகள், ஈடிஸ் நுளம்பின் ‘போதும்’ என்பதில் இரண்டு கட்டங்கள் இருப்பதைக் காட்டின. முதலாவது வயிறு விரிந்திருப்பது. இது நரம்பு வழியாகப் போகும் சேதி, குவாட்ஸ் அறுத்த நரம்புநாணின் வழியாக. குருதி செரிந்து வயிறு சுருங்கச் சுருங்க இது தேய்ந்துவிடும். ஆனால் நுளம்பு அப்போதும் கடிக்க வராது. முட்டை முதிர்ந்து, அதை இட்டு முடிக்கும்வரை மனித வாடைக்கு அசையாமல் இருக்கும். இந்த இரண்டாவது கட்டத்தின் சேதி குருதி வழியாகப் போகிறது. முட்டை சுமந்த நுளம்பின் குருதியை எடுத்துப் பசித்த நுளம்புக்குள் ஏற்றினார்கள், அந்தப் பசித்த நுளம்பும் கடிப்பதில் ஆர்வத்தை இழந்துவிட்டது. அந்தக் குருதியில் என்னென்ன பெப்டைட்கள் இருந்தன என்பதைத்தான் அதன்பிறகு பலரும் தேடிவருகிறார்கள். குடலின் ஓமோன் கலங்கள் விடும் நரம்புப்பெப்டைட் எப் (கரப்பானில் சொன்ன ‘சிறு’ எப் வேறு) அந்தக் கணக்கில் ஒரு முக்கிய ஆள் என்று இப்போது தெரிகிறது. கடிக்க அலையும்போது அது நுளம்பின் குருதியில் கூடுதலாகவும் குருதி குடித்த பிறகு குறைவாகவும் இருக்கிறது.

இந்த முதற்கட்டச் சேதியில்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினை தொடங்குகிறது. வயிறு ஓர் அளவுக்கு மேல் விரிந்தால்தான் அந்த நரம்புச் சேதி போகும். கொஞ்சம் குடித்த நுளம்பைத் தட்டிவிட்டால் அது பசித்த நுளம்பாகவே தொடர்கிறது. ஈடிஸ் பகலில் கடிப்பது, காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. அந்த நேரத்தில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி வீட்டில் யாரும் அசையாமல் படுத்திருப்பதில்லை. அம்மம்மா மரக்கறி வெட்டுகிறார், பிள்ளை மேசையில் படிக்கிறது, யாரோ கதவடியில் நின்று கதைக்கிறார்கள். கணுக்காலில் ஊசி இறங்கியதும் கால் அசையும். நுளம்பு எழும்பி அடுத்த காலுக்குப் போகும். இரவில் தூங்குபவரை ஆறுதலாகக் கடிக்கும் மலேரியா நுளம்புக்கு இந்தத் தொந்தரவு குறைவு. ஒரே வீட்டில், ஒரே வகுப்பறையில் பலருக்கு அடுத்தடுத்து டெங்கு வருவதற்கு, அரைவயிற்றோடு அலையும் ஒரு நுளம்பும் காரணமாக இருக்கலாம். டெங்கு நோயாளியைப் பகலிலும் நுளம்புவலைக்குள் படுக்கவைக்கச் சொல்வதை நிறையப் பேர் மிகைப்படுத்தல் என்று நினைக்கிறார்கள். காய்ச்சல் உள்ளவரிடம் கால்வயிறு குடித்துவிட்டு மீதிக்குப் பசியோடு வெளியேறும் நுளம்பை நினைத்தால் அதில் மிகை எதுவும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வைரஸ் நுளம்பின் குடலுக்குள் வந்தவுடனே அது பரப்பத் தயாராகிவிடாது. நடுக்குடற் சுவரைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தொற்றுள்ள குருதியைக் குடித்துச் சில நாளில் நுளம்பு இரண்டாவது தடவையாகச் சாதாரணக் குருதி குடித்தால், விரியும் குடற் சுவரின் அடிச்சவ்வில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்பட்டு வைரஸ் விரைவாக வெளியேறுகிறது என்று காட்டியது. குடல் விரிவது ஒரு பக்கம் கடியை நிறுத்துகிறது, இன்னொரு பக்கம் வைரசுக்கு வழிவிடுகிறது.

அப்படியானால் நுளம்பை ஏமாற்றி, வயிறு நிறைந்துவிட்டதாக நம்பவைக்க முடியாதா? இதே கேள்வியோடுதான் நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வோஸ்ஹாலின் ஆய்வுகூடம் இறங்கியது. மனிதரில் பசியோடு தொடர்புடைய நரம்புப்பெப்டைட் வை என்ற ஒன்றின் வாங்கிகளைப் போன்றவை நுளம்பிலும் இருந்தன. முதலில் சந்தேகப்பட்ட வாங்கியை மரபணு மாற்றத்தால் நீக்கிப் பார்த்தார்கள், நுளம்பு வழக்கம்போல் கடித்தது. ஆள் அது இல்லை. பின்னர் லோரா டுவால் அங்கே செய்த வேலை 2019இல் வெளிவந்தது. மனித உடற்பருமனைக் குறைக்க மருந்துக் கம்பனிகள் உருவாக்கிய சில மருந்துகளை நுளம்புக்குக் கொடுத்தபோது, அது குருதி குடித்து நிறைந்ததைப் போலவே மனித வாடையைத் தேடாமல் இருந்தது. மருந்து வேலை செய்தது அந்த வகை வாங்கிகளில் ஏழாம் இலக்கத்தில். அந்த வாங்கியை நீக்கிய நுளம்புகளில் மருந்து பலிக்கவில்லை. ஆனால் மனிதருக்கான மருந்தை ஊரெல்லாம் வைக்க முடியாது. அதனால் 265,000க்கும் மேற்பட்ட சேர்வைகளைச் சல்லடை போட்டு, மனித வாங்கிகளைத் தொடாமல் நுளம்பினுடையதை மட்டும் தட்டும் ஒன்றைத் தேர்ந்தார்கள். அதைக் குடித்த நுளம்புகள் சில நாட்களுக்குக் கடியில் நாட்டம் காட்டவில்லை.

இந்த இடத்தில் ஏன் பெப்டைட்டையே நேராகக் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். பூச்சியின் பெப்டைட் ஓமோன்களைப் பூச்சிநாசினியாக ஆக்கும் கனவு புரொக்டோலின் காலத்திலேயே தொடங்கியது. தடையாக நின்றது அதே குடல்தான். பெப்டைட் என்பது புரதத் துண்டு, குடலின் வேலை புரதத்தை வெட்டுவது. வாயால் கொடுத்தால் வெட்டிப்போட்டுவிடும். வெளியே தெளித்தால் மேல்தோலின் மெழுகு உள்ளே விடாது. ஊசியால் ஏற்றினால் பலிக்கும், ஆனால் கொழும்பின் நுளம்புகளுக்கு யார் ஊசி போடுவது. நாக்மன் போன்றவர்கள் வெட்டுப்படும் இடங்களில் இயற்கையில் இல்லாத அமினோ அமிலங்களைச் செருகி, நொதியத்தால் வெட்டமுடியாத போலிப் பெப்டைட்களைச் செய்தார்கள். அப்படியான சில போலிக் கைனின்கள் தாவரச் சாறுறிஞ்சும் அசுவினிகளைக் கொன்றன.

விதிவிலக்காக நின்றது அந்த ஆறு புரோலின் வால் கொண்ட சூலகப் பெப்டைட். புரோலின் வரிசை அதைத் திரிப்சின் போன்றவற்றிலிருந்து காக்கிறது, குடற்சுவரையும் தாண்டி உள்ளே போகிறது. நுளம்புக் குடம்பிகளுக்கு அதை உணவோடு கொடுத்தால் அவற்றின் குடல் திரிப்சின் செய்வதை நிறுத்திவிடும். கண்முன்னால் உணவு இருக்க, செரிக்கமுடியாமல் பட்டினியில் சாகும். மதுவத்திலும் பாசியிலும் இந்தப் பெப்டைட்டை உற்பத்திசெய்து குடம்பிகளுக்கு ஊட்டிப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் இடுவதற்கு இன்று பல நாடுகளில் பயன்படும் பிரிஐ என்ற பக்டீரியாவும் குடம்பியின் நடுக்குடலைத்தான் தாக்குகிறது, ஆனால் அது கலங்களை உடைத்துக் கொல்கிறது. பெப்டைட் எதையும் உடைப்பதில்லை, பூச்சியின் சொந்த உத்தரவைத் தவறான நேரத்தில் கொடுக்கிறது.

பழ ஈயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் குடல் ஓமோன்களைப் பற்றிய அண்மைக்காலச் சேதிகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அத்தியாவசிய அமினோ அமிலம் குறைந்த உணவைத் தின்ற பழ ஈயின் குடல் ஒரு பெப்டைட்டை விட்டு, அந்தக் குறையை நிரப்பும் உணவின்மேல் குறிப்பாகப் பசியை உண்டாக்குகிறது. புரதம் நிறைந்த உணவு கிடைத்தால் இன்னொன்று சுரந்து, ஆண் ஈயைத் தின்பதை விட்டுத் துணை தேடப் போகச்சொல்கிறது. நுளம்பில் கல்சிட்டோனினைப் போன்றது என்று மேலே சொன்ன சிறுநீர்பெருக்கிப் பெப்டைட்டின் உறவுக்காரன்தான் அது. கெட்ட பக்டீரியா வந்தால் குடலைச் சுருக்கி வெளியே தள்ளவைப்பதும் அதுவே. ஒரே பெப்டைட்டுக்கு இத்தனை வேலை இருப்பதால்தான் இதைத் தொட்டு ஒரு மருந்து செய்வது தலையிடி. கைனினுக்கும் சல்பாகைனினுக்கும் உறவினர்கள் தேனீயிலும் வண்ணத்துப்பூச்சியிலும் இருக்கலாம் என்று எண்ணித்தான் எந்தப் போலியையும் வடிவமைக்கவேண்டும்.

நுளம்பின் பசியை அடக்கும் சேர்வைக்குத் திரும்பினால், அதை ஆதரிப்பவர்கள் சொல்லும் வலுவான வாதம் ஒன்று உண்டு. புகையில் இருக்கும் பைரெத்ரொயிட் நஞ்சு நுளம்பைக் கொல்கிறது, கொல்லும்போது சாகாத சிலதைத் தெரிந்தெடுத்துவிடுகிறது. உலகின் பல நகரங்களில் ஈடிஸ் அந்த நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டது. கொல்லாமல் கடியைத் தள்ளிப்போட்டால் இந்தத் தெரிவு மெதுவாக நடக்கும் என்கிறார்கள். எனக்கு இது முழுதாக ஒப்பவில்லை. நுளம்புக்குக் கடி முட்டைக்காகத்தான். மருந்தில் மயங்கி மூன்று நாள் சுவரில் இருந்த நுளம்பு அந்த மூன்று நாளில் முட்டைக்கான குருதியைத் தேடவில்லை. சராசரியாக ஒரு சில வாரமே வாழும் பூச்சிக்கு மூன்று நாள் பெரிய இழப்பு. வாங்கி சற்றே மாறிப்போய் மருந்து பலிக்காத ஒரு நுளம்பு பக்கத்தில் இருந்தால், அது அந்த நாட்களில் கடித்து, ஏறக்குறைய நூறு முட்டைகளை ஏதாவது ஒரு யோகட் கப்பில் இட்டிருக்கும்.